துக்க வீட்டில் நோன்புப் பெருநாள்

கேள்வி: எங்கள் வாப்பா கடந்த ரஜப் பிறை 15இல் மவுத்தானார்கள். உம்மா, கணவனை இழந்தவர் துக்கம் காக்கும் இத்தாவில் இருக்கிறார்கள். இந்த வருடம் நமக்குப் பெருநாளே கிடையாது, புதுத்துணி எடுக்கக் கூடாது, வீட்டில் இனிப்புச் செய்யக் கூடாது என்று பெரியம்மா சொல்கிறார்கள். என் பிள்ளைகளோ பெருநாளை எதிர்பார்த்து நாளெண்ணிக்கொண்டிருக்கிறார்கள். நான் என்ன செய்வது?
– ஒரு சகோதரி, காயல்பட்டினம்

பதில்: அன்புச் சகோதரிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் வாப்பாவின் பிழைகளைப் பொறுத்து, அவர்களின் கபுரை அல்லாஹ் விசாலமாக்கி வைப்பானாக.

பெருநாளைக் கொண்டாடுங்கள். துக்கம் காப்பதற்கு மார்க்கம் தெளிவான எல்லை வகுத்திருக்கிறது. கணவனை இழந்தவருக்கு நான்கு மாதம் பத்து நாள். பெற்ற மக்கள் உட்பட மற்றவர்களுக்கு மூன்று நாள். நபிகளாரின் துணைவியார் உம்மு ஹபீபா (ரலி), தம் தந்தை அபூசுஃப்யான் இறந்த மூன்றாம் நாளில் நறுமணப் பொருளை வரவழைத்துப் பூசிக்கொண்டு, தமக்கு இதில் நாட்டமில்லை என்றும், கணவனைத் தவிர வேறு யாருக்காகவும் மூன்று நாளுக்கு மேல் துக்கம் காக்கக் கூடாது என்று நபிகளார் சொல்லக் கேட்டிருப்பதாகவும் கூறிய செய்தி புகாரி என்னும் நபிமொழித் தொகுப்பில் பதிவாகியிருக்கிறது. அவரும் உங்களைப் போலத் தந்தையை இழந்த மகள்தான். நீங்களும் உங்கள் பிள்ளைகளும் புதுத்துணி உடுத்தலாம். கைக்கு மருதாணியும் இட்டுக்கொள்ளலாம்.

பெரியம்மா சொல்வது தங்கை மீதுள்ள பாசத்தால் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவரோடு வாதாட வேண்டாம். அவர் மதிக்கும் ஆலிம் ஒருவரைக் கொண்டு எடுத்துச் சொல்லச் செய்யுங்கள். பெருநாள் அன்று நோன்பு நோற்பதையே ஹராமாக்கிய மார்க்கம், அந்த நாளில் ஒரு வீட்டை இருட்டடித்து வைக்கச் சொல்லுமா என்பதை அவரும் எண்ணிப் பார்ப்பார்.

உங்கள் உம்மாவின் நிலை வேறு. நகை, சுர்மா, மருதாணி, அத்தர், அலங்காரமான உடை ஆகியவற்றை அவர் தவிர்க்க வேண்டும். தேவையின்றி வீட்டைவிட்டு வெளியே போகவும் கூடாது. ஆனால், அவரை ஓர் அறையில் உட்கார வைத்துவிட்டு, மற்றவர்கள் அடுப்பங்கரையில் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருப்பதற்கு இத்தாவில் எந்தச் சட்டமும் இல்லை. அவர் குளித்துத் தூய ஆடை உடுத்தலாம், சமைக்கலாம், இனிப்பும் சாப்பிடலாம். வட்டிலப்பத்தை இந்த முறையும் அவரையே செய்யச் சொல்லுங்கள். முட்டையை நுரை பொங்க அடித்து, கெட்டித் தேங்காய்ப் பாலும் கருப்பட்டிப் பாகும் ஏலப்பொடியும் சேர்த்து, துணியில் வடிகட்டி ஆவியில் ஏற்றும்வரை கையும் கவனமும் அதிலேயே இருக்கும். வீட்டுப் பெருநாளில் தனக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று அவருக்குத் தெரியட்டும். இடையில் கண் கலங்கினால் கலங்கட்டும். தம் மகன் இப்ராஹீம் இறந்தபோது நபிகளாரும் கண்ணீர் வடித்தார்கள்.

தொழுகைக்காக அவர் பள்ளிக்கோ பெண்கள் தைக்காவுக்கோ போக முடியாதே என்று வருந்த வேண்டாம். ஷாஃபி மத்ஹப் என்னும் சட்டப் பிரிவின்படி பெருநாள் தொழுகையை வீட்டிலும் தொழலாம்: முதல் ரக்அத்தில், அதாவது தொழுகையின் முதல் சுற்றில், ஏழு தக்பீர் (அல்லாஹு அக்பர் என்று சொல்வது), இரண்டாவதில் ஐந்து. நீங்கள் அன்றைக்கு உம்மாவுக்குத் துணையாக வீட்டிலேயே நின்று, அவருடன் சேர்ந்து தொழுதால் நன்றாக இருக்கும்.

நோன்புப் பெருநாளையொட்டிக் கொடுக்கும் கட்டாயத் தர்மமான பித்ராவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லியாக வேண்டும். இதுவரை உம்மாவுக்கும் சேர்த்து வாப்பாதான் கொடுத்து வந்திருப்பார்கள். அந்தப் பொறுப்பு இப்போது யாருடையது என்று எவரும் பேசாமலே விட்டுவிட்டால், உம்மாவின் பித்ரா விடுபட்டுப் போகும். அவரிடம் வசதி இருந்தால் அவரே கொடுக்கட்டும். இல்லையென்றால் நீங்களோ உடன்பிறந்தவர்களோ அவரிடம் சொல்லிவிட்டு அவருக்காகக் கொடுங்கள். தலைக்கு ஒரு ஸாவு, அதாவது ஏறத்தாழ 2.5 கிலோ அரிசி, பெருநாள் தொழுகைக்கு முன்பே ஏழைகளின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். ரமலானின் கடைசிப் பொழுது அடையும்போது உயிரோடு இருப்பவர்களுக்கே பித்ரா கடமையாவதால் வாப்பாவுக்காகக் கொடுக்க வேண்டியதில்லை. அவர்களை நினைத்துத் தர்மம் செய்ய விரும்பினால் அதைத் தனியாகச் செய்யுங்கள்.

பெருநாள் அன்று உறவுப் பெண்கள் சலாம் சொல்ல வருவார்கள். துக்க வீடாயிற்றே என்று வாசலிலேயே கட்டிப்பிடித்து ஒப்பாரி வைப்போரும் அவர்களில் இருக்கலாம். மூன்று நாளோடு முடிந்த துக்க விசாரிப்பைப் பெருநாளில் புதுப்பிப்பது உங்கள் உம்மாவைத்தான் வாட்டும். நெருங்கிய ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால், அவர் மற்றவர்களுக்குப் பக்குவமாகச் சொல்லிவிடுவார். பிள்ளைகளுக்குப் பெருநாள் காசை இதுவரை பாட்டனார் கையால் வாங்கியிருந்தால், இம்முறை உம்மா கையால் கொடுக்கச் செய்யுங்கள். தொழுதுவிட்டு வரும் வழியில் ஆண்கள் பிள்ளைகளை மையவாடிக்கு அழைத்துச் சென்று, பாட்டனாரின் கபுரில் சலாம் சொல்லி துஆச் செய்யக் கற்றுக்கொடுக்கலாம்.

உம்மாவின் இத்தா துல்கஅதா மாதத்தின் 25ஆம் பிறையளவில் நிறைவடைகிறது. ஹஜ்ஜுப் பெருநாள் அதற்குப் பிறகே வருகிறது. அப்போது துணி எடுக்கப் போகும்போது அவரையும் கூட்டிச் செல்லுங்கள். இனி வெள்ளைதான் உடுத்த வேண்டும் என்று கடையில் யாராவது சொன்னால், அப்படி ஒரு சட்டம் மார்க்கத்தில் இல்லை என்று சொல்லி, நிறத்தை அவர் விருப்பத்துக்கே விட்டுவிடுங்கள்.