'எட்டு'தான் ஆங்கிலத்தில் 'எய்ட்' ஆனதா? வேர்ச்சொல் ஆய்வில் முனைவர் பட்டம் செய்யலாமா?

இரண்டு கேள்வியையும் சேர்த்தே கேட்டிருக்கிறீர்கள். முதலாவதற்கு, இல்லை. இரண்டாவதற்கு, தாராளமாகச் செய்யலாம், நூறு சொல்லை ஒரே மூச்சில் எடுக்காத வரைக்கும். 'தமிழைக் குறைத்துப் பேசுகிறான்' என்று எழுதக் கை துறுதுறுப்பவர்கள் முழுதாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

எட்டையே எடுப்போம். எண்பது, எண்ணூறு, எண்மர், எண்திசை. இவற்றில் 'எட்' எங்கே இருக்கிறது? அடி 'எண்'. கன்னடத்தில் இன்றும் 'எண்டு', தெலுங்கில் 'எனிமிதி'. அங்கெல்லாம் மூக்கொலி நிற்கிறது; தமிழும் மலையாளமும் அதை டகரத்துக்குள் கரைத்துவிட்டன. இப்போது அந்தப் பக்கம் போங்கள். எய்ட் என்பது ஜெர்மனில் ஆஹ்ட், லத்தீனில் ஆக்டோ, சமஸ்கிருதத்தில் அஷ்ட. ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஊமையாய்க் கிடக்கும் ஜி-எச் இரண்டும், ஒரு காலத்தில் அங்கே தொண்டையொலி இருந்ததற்கான தடயம். உறவுள்ள சொற்கள் பின்னே போகப்போக நெருங்கி வரவேண்டும். இவை இரண்டும் பின்னே போகப்போக விலகுகின்றன. இன்றைக்கு ஒலி ஒத்துப்போவது தற்செயல். ஆஸ்திரேலியப் பழங்குடி மொழியான ம்பாபரத்தில் நாய்க்குப் பெயர் கிட்டத்தட்ட 'டாக்'தான். அதற்காக யாரும் இங்கிலாந்துக்குக் கப்பல் விடவில்லை.

சரி, எப்படிச் செய்வது? முதலில் விகுதி, சாரியை எல்லாவற்றையும் உரித்துவிட்டு அடியைத் தனியே எடுங்கள். பிறகு அந்தச் சொல் கிடைக்கும் மிகப் பழைய இடம்: தமிழிப் (தமிழ் பிராமி) பொறிப்பா, சங்கப் பாட்டா, பல்லவர் கல்வெட்டா? எந்தச் சொல் எந்தப் பாட்டில் வருகிறது என்று பட்டியலிடும் சொல்லடைவைப் பாருங்கள், சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி (1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள்) தரும் மேற்கோளோடு நிற்காமல் மூலப் பாடலைத் திறந்து, அங்கே பொருள் உண்மையிலேயே அதுதானா என்று சரிபாருங்கள். பாதிப் பேர் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள். இன்றைய பொருளை ஈராயிரம் ஆண்டு பின்னால் கொண்டுபோய் ஒட்டிவிடுவார்கள்.

அடுத்தது உறவு மொழிகள். பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியின் 1984 பதிப்பை எடுங்கள். 1961 பதிப்பில் பதிவு எண்கள் வேறு, இரண்டையும் கலந்தால் வாய்மொழித் தேர்வில் மாட்டுவீர்கள். அங்கே பார்க்கவேண்டியது ஒத்த ஒலியை அல்ல, ஒழுங்காக மாறும் ஒலியை. பால், பல், பத்து ஆகியவை கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹத்து. பகரம் ஹகரமாவது அங்கே விதி. தமிழ் செவி, கன்னடக் கிவி. தமிழ் சேரி, கன்னடக் கேரி. இகர எகரங்களுக்கு முன் நின்ற பழைய ககரம் தமிழில் சகரமானது. அப்படியானால் கிளி ஏன் 'சிளி' ஆகவில்லை, கெடு ஏன் 'செடு' ஆகவில்லை? அடுத்து வரும் ள, ட இரண்டும் நாவளை ஒலிகள், நாக்கு நுனியை மேலே வளைத்துச் சொல்பவை. அவை மாற்றத்தைத் தடுத்துவிட்டன. கீழ், கிணறு, கேள் எல்லாம் தப்பியது இதனால்தான். தெலுங்கில் அந்தத் தடை இல்லை, அங்கே 'செடு'தான். விதிவிலக்குக்கும் விதி சொல்ல முடிகிறதே, அதுதான் இந்தத் துறையின் ருசி.

கடன் சொல்லா என்பது கடைசிச் சோதனை. சிராவணம் நம்மிடம் ஆவணி ஆனது, சிரமணர் அமணர் ஆனார்கள். முதல் ஒலி உதிர்ந்தது. ஆயிரமும் இந்த வழியில் வந்தது என்பதே மொழியியலாளர் பெரும்பாலோர் முடிவு (கன்னடத்தில் சாவிர). தமிழ்ச் சொல்லுக்குத் தமிழிலேயே வேர் தேடிய தேவநேயப் பாவாணர் வழி வருபவர்கள் ஏற்கமாட்டார்கள். ஆய்வேட்டில் இரு தரப்பையும் வைத்துவிட்டு உங்கள் காரணத்தைச் சொல்லுங்கள். எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. நம் இஞ்சிவேர் பாலி மொழியில் சிங்கிவேர. சமஸ்கிருதத்தில் சிருங்கவேர என்று எழுதி, 'கொம்பு போன்ற உடல்' என்று விளக்கமும் கொடுத்துவிட்டார்கள். சொல்லை வெட்டிப் பொருள் காண்பது நமக்கு மட்டுமே உரிய நோய் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். 'மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா' (ஒரு சொல் ஏன் அந்தப் பொருளைத் தருகிறது என்பது பார்த்தவுடன் தெரியாது) என்ற தொல்காப்பிய நூற்பாவை முதல் பக்கத்தில் போட்டுவிட்டு, இரண்டாம் பக்கத்திலிருந்து விழித்ததும் தோன்றியதையெல்லாம் எழுதுகிற ஏடுகள் ஏராளம்.

அதற்கு மாணவரை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. முறையாக ஒரு சொல்லைப் பார்க்கவே வாரக்கணக்கில் ஆகும். ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை வெளியிட்டே தீரவேண்டும் என்ற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022 விதிகளில் எடுத்துவிட்டது. ஆனாலும் துறைகள் கேட்பதை நிறுத்தவில்லை, வேலைக்கான நேர்காணலிலும் எண்ணிக்கைதான் பேசுகிறது. விளைவு, 'தமிழின் நூறு வேர்கள்' என்று ஆறு பக்கக் கட்டுரை. நீங்கள் ஒரு பொருட்புலத்தை எடுங்கள். உழவுக் கருவிகள், உறவுமுறை, நீர்நிலை என ஏதாவது ஒன்று. இருபது சொல் போதும். உங்கள் நெறியாளர் 'ஐம்பது சொல்லாவது வேண்டும்' என்றால், பத்து சொல்லுக்கு முழு ஆய்வையும் மற்றதற்கு அட்டவணையையும் காட்டிப் பேசிப்பாருங்கள்.

ஆய்வேட்டில் பிறர் எழுத்தை எடுத்திருக்கிறார்களா என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனையில், மேற்கோளாக வரும் பாட்டையும் உரையையும்கூட அந்த மென்பொருள் எழுத்துத் திருட்டு என்றே எண்ணும். 10 விழுக்காட்டைத் தாண்டியது என்று யாராவது பயமுறுத்தினால், மேற்கோள்களை விலக்கிவிட்டு மறுபடி ஓட்டச் சொல்லுங்கள். மானியக் குழுவின் 2018 விதியிலேயே அதற்கு இடம் இருக்கிறது.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை: ரோமன் எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்தை வைத்த பழைய பாமினி எழுத்துருவில் இன்னும் கட்டுரை கேட்கும் இதழ்கள் உண்டு. ஒருங்குறியில் எழுதி மாற்றினால், ரோமன் எழுத்தில் கொடுத்த உறவுமொழி வடிவங்கள் எல்லாம் தமிழ் எழுத்துக் குப்பையாக அச்சாகும். அனுப்பும் முன் அந்த வடிவங்களை மட்டும் தனியே குறித்து எழுத்துருவை மாற்றிவையுங்கள், கூடவே ஒரு பிடிஎஃப் படியும் இணைத்துவிடுங்கள்.