மவுண்டன் பைக் டயர்: பிடிமானத்துக்கு எவ்வளவு காற்று?

கேள்வி: என்னுடையது 29 இன்ச் மவுண்டன் பைக், 2.4 அகல ட்யூப்லெஸ் டயர். என் எடை 75 கிலோ. கடையில் காற்றழுத்தம் 35 பி.எஸ்.ஐ. அடித்துக் கொடுத்தார்கள். குன்னூர் பக்கம் தேயிலைத் தோட்டப் பாதைகளில் இறங்கும்போது வளைவில் முன்சக்கரம் வழுக்குகிறது. பெரிய பட்டன் வைத்த டயர் ஒன்று 5,000 ரூபாய் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முதலில் காற்றை இறக்கிப் பாருங்கள். 35 வைத்தால் எவ்வளவு நல்ல டயரும் அந்தப் பாதையில் வழுக்கத்தான் செய்யும். விறைப்பாக இருக்கும் டயர் ஒவ்வொரு கல்லிலும் துள்ளும். அது துள்ளும் நேரமெல்லாம் தரையில் பிடி கிடையாது. காற்று குறைந்தால் டயர் நசுங்கிக் கல்லையும் வேரையும் உள்வாங்கிக்கொள்ளும், கூடுதல் பட்டன்கள் மண்ணைக் கவ்வும்.

ரிம்மின் உள் அகலம் 30 மி.மீ. அளவில் இருந்தால் முன்னால் 22, பின்னால் 25 என்று தொடங்குங்கள். பின்சக்கரம் அதிக எடை தாங்குவதால் அதற்கு எப்போதும் 2, 3 கூடுதலாக வேண்டும். மற்ற எடைக்காரர்களுக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு: கிலோவை 2.2-ஆல் பெருக்கி, 7-ஆல் வகுத்து, வருவதில் 1 கழித்தால் முன்சக்கரம், 2 கூட்டினால் பின்சக்கரம். 60 கிலோ ஆளுக்கு இது சுமார் 18, 21 என்று வரும். டயர் 2.2 அல்லது அதற்கும் குறுகல் என்றால் இரண்டிலும் 2 கூட்டிக்கொள்ளுங்கள். தொடக்கப் புள்ளிதான் இது. சரியான எண்ணைப் பாதைதான் சொல்லும்.

அதற்கு ஒரு வளைவும் கொஞ்சம் கல்லும் வேரும் உள்ள சிறு துண்டுப் பாதையைத் தேர்ந்து, அதே வேகத்தில் திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் 1 பி.எஸ்.ஐ. மட்டும் இறக்குங்கள், அதுவும் ஒரு சக்கரத்தில் மட்டும். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது எதனால் என்று புரியாது. ஹேண்டில்பாரில் படபடப்பு அடங்கி, சக்கரம் கோட்டை விட்டு விலகாமல் போகத் தொடங்கும் இடம் தெளிவாகவே தெரியும். அதற்கும் கீழே போனால் டயரே எச்சரிக்கும். வளைவில் பக்கச்சுவர் மடிந்து, ஹேண்டில் திருப்பிய பிறகு சற்றுத் தாமதமாகச் சைக்கிள் திரும்பும். கல்லில் ‘டணக்’ என்று ரிம் அடிபடும். இன்னும் இறக்கினால் டயரின் விளிம்பு ரிம்மை விட்டு நொடிநேரம் விலகி, ‘புஸ்’ என்று காற்றும் சீலன்ட்டும் (ஓட்டையை அடைக்க டயருக்குள் ஊற்றும் திரவம்) பீய்ச்சும். இவற்றில் எது நடந்தாலும் உடனே 2 ஏற்றுங்கள். ரிம் அடியை மட்டும் அலட்சியப்படுத்தாதீர்கள்: அலுமினியம் ரிம் நெளியும், கார்பன் ரிம் விரிசல் விடும்.

இவ்வளவு செய்தும் வழுக்கினால், அதுவும் ஈர மண்ணில் மட்டும் வழுக்கினால், அப்போது அந்த டயரைப் பற்றி யோசிக்கலாம். முன்சக்கரத்துக்கு மட்டும் போதும்.

கேள்வி: ஃப்ளோர் பம்ப்பிலேயே மீட்டர் இருக்கிறதே, காற்றை அளக்கும் கேஜ் தனியாக வாங்க வேண்டுமா?

பதில்: கட்டாயம் வாங்குங்கள். டயருக்கு ஆகும் செலவில் சிறு பங்குதான் ஆகும், பலன் அதிகம். பம்ப் மீட்டர் பெரும்பாலும் 160 பி.எஸ்.ஐ. வரை காட்டும். மொத்த அளவில் 2 சதவீதம்தான் பிழை என்றாலும் 3 பி.எஸ்.ஐ. தள்ளிப்போகும். 22 என்று முள் நிற்கும்போது உள்ளே 19 இருக்கலாம், 25-ம் இருக்கலாம். 19 என்றால் ரிம் அடிபடலாம், 25 என்றால் வழுக்கலாம்.

30 அல்லது 60 வரை மட்டும் காட்டும் முள் கேஜ், இல்லையென்றால் அரை பி.எஸ்.ஐ. மாற்றத்தையும் காட்டும் டிஜிட்டல் கேஜ் நல்லது. வாங்கும் முன் இரண்டைப் பாருங்கள். உங்கள் சைக்கிளின் மெல்லிய பிரெஸ்டா வால்வில் அது பொருந்த வேண்டும். கார், பைக் வால்வுக்கு மட்டுமான கேஜ் பஞ்சர் கடைகளில் நிறையக் கிடைக்கும், அது உதவாது. அடுத்து, மாட்டியபடியே காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றும் பட்டன் இருக்க வேண்டும். அது இருந்தால் 2 கூடுதலாக அடித்துவிட்டு, பாதை தொடங்கும் இடத்தில் நிதானமாக இறக்கிக்கொள்ளலாம். எப்போதும் அதே கேஜையே பயன்படுத்துங்கள். நண்பருடைய கேஜ் வேறு எண் காட்டினால் குழம்ப வேண்டாம்.

கேள்வி: டயரின் பக்கவாட்டில் ‘மேக்ஸ் 50’ என்று போட்டிருக்கிறது. அவ்வளவு அடிக்க வேண்டாமா?

பதில்: வேண்டாம். அது தாண்டக் கூடாத எல்லை. ரிம்மிலும் இப்படி ஓர் எண் இருக்கும். இரண்டில் எது குறைவோ அதுதான் உங்கள் எல்லை.

கேள்வி: ‘ட்யூப்லெஸ் ரெடி’ என்று சொல்லி விற்றார்கள். பிரித்துப் பார்த்தால் உள்ளே ட்யூப் இருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இல்லை. ரிம்மும் டயரும் ட்யூப் இல்லாமல் ஓடத் தகுதியானவை என்பதே அதன் பொருள். மாற்ற ரிம்மின் உள் அகலத்தை விட 2 முதல் 4 மி.மீ. அகலமான, ரிம்முக்குள் ஒட்டும் டேப், இரண்டு ட்யூப்லெஸ் வால்வு, சீலன்ட் தேவை. வாங்கும்போதே இவற்றைச் சேர்த்து மாட்டித் தரச் சொல்லிப் பேரம் பேசுங்கள். பல கடைகள் ஒத்துக்கொள்ளும். 29 இன்ச், 2.4 டயர் ஒன்றுக்கு 100 முதல் 120 மி.லி. சீலன்ட் ஊற்ற வேண்டும். நம் வெயிலில் அது சீக்கிரம் காயும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வால்வின் உள்பாகத்தை (கோர்) கழற்றி, ஒரு குச்சியை விட்டு ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். காய்ந்திருந்தால் 60 மி.லி. சேர்த்தால் போதும். அதுவரை ட்யூபோடு ஓட்டுவதானால் மேலே சொன்ன எண்களுடன் 4, 5 கூட்டுங்கள். இல்லையென்றால் கல்லுக்கும் ரிம்முக்கும் இடையே ட்யூப் நசுங்கி, இரட்டை ஓட்டையோடு பஞ்சராகும்.

கேள்வி: கோவையில் வீட்டிலேயே காற்றைச் சரிபார்த்துவிட்டு காரில் சைக்கிளை ஊட்டிக்குக் கொண்டுபோகிறேன். அது போதுமா?

பதில்: ஊட்டியில் இன்னொரு முறை பாருங்கள். ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம் ஏறுவதால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்து, கேஜ் 3 பி.எஸ்.ஐ. வரை கூடுதலாகக் காட்டும். மலைக் குளிர் அதில் 2 வரை திருப்பி எடுத்துக்கொள்ளும். கார் கேரியரில் வெயிலில் காய்ந்த டயரை உடனே அளக்காதீர்கள். நிழலில் கால் மணி நேரம் நிறுத்தி, டயர் ஆறிய பிறகு அளந்து இறக்குங்கள். மழை பெய்திருந்தால் முன்னால் இன்னும் 1 குறையுங்கள்.