10,000 அடி நடக்க முடியவில்லையே என்று கவலைப்படுபவருக்கு

கேள்வி: எனக்கு வயது 52. ஆறு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் சாப்பிடுகிறேன். நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கும் வேலை. தினமும் 10,000 காலடி நடக்க வேண்டும் என்று கைபேசியில் இலக்கு வைத்தேன். என்ன முயன்றாலும் 5,000-ஐத் தாண்டவில்லை. தெரிந்தவர் ஒருவர் மூலிகைப் பொடி ஒன்றைக் கொடுத்து, "இதைச் சாப்பிட்டால் நடக்கவும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம்" என்கிறார். வாங்கலாமா?

பதில்: பொடி வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் அந்த 10,000-ஐ மனதிலிருந்து இறக்கி வையுங்கள். அது மருத்துவர்கள் ஆராய்ந்து கண்ட கணக்கு இல்லை. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த மறுவருடம், 1965-ல், இடுப்பில் மாட்டிக்கொண்டு அடிகளை எண்ணும் கருவி ஒன்று ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதன் பெயர் 'மான்போ-கெய்'. பத்தாயிரம் அடி அளப்பான் என்று பொருள். ஒரு கருவியை விற்க வைத்த பெயர், இன்றைக்கு உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது. அமெரிக்காவில் சராசரியாக 72 வயதான பெண்களைக் கவனித்து 2019-ல் வெளிவந்த ஆய்வில், சுமார் 2,700 அடியோடு நின்றவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடமே இறப்பு குறைவாக இருந்தது. 7,500 வாக்கில் அந்தப் பலன் மேற்கொண்டு கூடாமல் நின்றுவிட்டது. உங்கள் வயதுக்கு இதே எண்கள் அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 5,000 அடி வீணாகப் போகவில்லை, அதை நம்புங்கள்.

சர்க்கரை உள்ள உங்களுக்கு எத்தனை அடி என்பதைவிட எப்போது நடக்கிறீர்கள் என்பது பெரிய விஷயம். சாப்பிட்டு முடித்து ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்துக்குள் இரத்தச் சர்க்கரை உச்சிக்கு ஏறும். அந்த நேரத்தில் கால் தசை வேலை செய்தால், இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். ஆகவே சாப்பிட்ட கையோடு அல்லது அரை மணிக்குள் எழுந்து 15 நிமிடம் நடங்கள். மூன்று வேளையும், வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் 225 நிமிடம் ஆகிவிடும். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் கேட்பது 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்புதான். ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது நடந்தால்தான் கணக்கில் சேரும் என்ற பழைய நிபந்தனையையும் 2020-ல் எடுத்துவிட்டார்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அந்த வேகம் போதும். இடையில் அரை மணிக்கு ஒருமுறை நாற்காலியை விட்டு எழுந்திருங்கள். இரவில் ஏழு மணி நேரம் தூங்குங்கள். இவ்வளவுதான், இதற்கு மேல் யாரும் உங்களுக்கு எதையும் விற்கத் தேவையில்லை.

இப்போது அந்தப் பொடி. அதில் ஒன்றுமே இல்லாவிட்டால் பணம்தான் போகும். எனக்குப் பயம், அது நன்றாக வேலை செய்தால்தான். ஒரு வாரத்தில் சர்க்கரை மளமளவென்று இறங்குகிறதா? உள்ளே மாத்திரையை அரைத்துக் கலந்திருக்கிறார்களோ என்று சந்தேகப்படுங்கள். சிங்கப்பூரில் 2008-ல், சர்க்கரை நோயே இல்லாத சுமார் 150 பேர் சில மாதங்களுக்குள் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கி மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். பலர் சாப்பிட்டிருந்தது ஆண்மைக்கு என்று கள்ளத்தனமாக விற்ற மருந்து. அதில் கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை மாத்திரை பெரிய அளவில் கலந்திருந்தது. நான்கு பேர் இறந்தார்கள். உங்களுக்குப் பொடி கொடுத்தவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. அவருக்கு மேலே ஒருவர், அவருக்கும் மேலே ஒருவர். டப்பாவில் என்ன இருக்கிறது என்று இந்தச் சங்கிலியில் யாருக்கும் தெரியாது, கமிஷன் மட்டும் எல்லோருக்கும் தெரியும். அவர் பேச்சைக் கேட்டு மெட்ஃபார்மினை நிறுத்தாதீர்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் உங்களை நிறுத்தி வைத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆறு வருடச் சர்க்கரை என்கிறீர்கள். பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்காமல் நடையைக் கூட்டாதீர்கள். என்னிடம் ஒருவர் வந்தார், தினமும் தவறாமல் நடப்பவர். காலணியைக் கழற்றச் சொன்னேன். உள்ளே பேரக்குழந்தையின் சட்டைப் பொத்தான் ஒன்று கிடந்தது. அடிப்பாதத்தில் வட்டமாகப் பள்ளம், நடுவில் தோல் வெளுத்து ஊறியிருந்தது. காலையிலிருந்து அதன்மேல்தான் நடந்திருக்கிறார். வலி இல்லை, அதனால் தெரியவில்லை. இப்படித்தான் புண் தொடங்குகிறது.

வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணை மூடிக்கொண்டு படுங்கள். வீட்டில் ஒருவர் தன் ஆள்காட்டி விரல் நுனியால் உங்கள் காலின் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஒவ்வொன்றாக ஓரிரு வினாடி மெல்லத் தொடட்டும். இரண்டு காலிலும் சேர்த்து ஆறு விரல்கள். அழுத்தக்கூடாது, தட்டக்கூடாது, வருடக்கூடாது. தொட்டதும் "வலது", "இடது" என்று சொல்லுங்கள். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, நடையைக் கூட்டும் முன் மருத்துவரைப் பாருங்கள். எல்லாம் தெரிந்தாலும், காலணி போடும் முன் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுத் துழாவுங்கள். இரவில் விரலிடுக்கு உட்பட இரண்டு பாதங்களையும் வெளிச்சத்தில் பாருங்கள். கூழாங்கல்மேல் வெறுங்காலில் நடந்தால் நரம்பு உயிர்பெறும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

இதையெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே ஒருவர் சொல்லியிருக்க வேண்டும். பாதத்தைச் சோதிக்க ஒரு நைலான் இழையும் சில நிமிடங்களும் போதும். சர்க்கரை உள்ள எல்லோருக்கும் வருடத்துக்கு ஒருமுறையாவது செய்ய வேண்டிய சோதனை அது. எழுபது சோதனை அடங்கிய பேக்கேஜ் என்று விளம்பரம் செய்கிறார்கள், அதில் பலவற்றில் காலைத் தொட்டுப் பார்ப்பது மட்டும் இருக்காது. அது இயந்திரம் போடும் கணக்கு இல்லை, அதில் லாபமும் இல்லை. சீட்டு எழுதி அனுப்பும் அவசரத்தில் மருத்துவர்களான நாங்களும் விட்டுவிடுகிறோம், எனக்கு அதில் கோபம்தான். அடுத்த முறை மருத்துவரிடம் போனால், அவர் கேட்கும்வரை காத்திருக்காமல் காலணியைக் கழற்றிவிட்டு உட்காருங்கள்.