சென்னை வெயிலில் நண்பர்களோடு மாரத்தான் பயிற்சியை எப்போது, எப்படித் தொடங்கலாம்?

கேள்வி: நாங்கள் நான்கு நண்பர்கள். ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானில் முழுத் தூரமான 42.195 கிலோமீட்டரையும் ஓட விரும்புகிறோம். ஏப்ரலிலேயே சேர்ந்து பயிற்சி தொடங்கலாமா, வெயில் தணியும்வரை காத்திருக்க வேண்டுமா?

பதில்:

ஏப்ரலிலேயே தொடங்குங்கள். ஆனால் ஒரு நிபந்தனை: வெயில் மாதங்களில் வேகத்தையும் தூரத்தையும் துரத்தாமல், நால்வரும் ஒருவரை ஒருவர் கவனித்துக்கொண்டு ஓடுவதற்கு முதலில் பழகிக்கொள்ளுங்கள். நண்பர்களோடு பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையிலும் மெரினாவிலும் கோடைக் காலைகளில் தொடர்ந்து ஓடிவருகிறேன். வெயிலில் நண்பர்களின் துணை எதற்கு உண்மையில் தேவைப்படுகிறது என்பதை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

"சூரியன் வருவதற்கு முன்பே ஓடி முடித்துவிட்டால் வெயிலைப் பற்றிக் கவலை இல்லை" என்று பலரும் நினைக்கிறார்கள். சென்னையில் அது பாதி உண்மைதான். மே மாத விடியற்காலையில்கூட வெப்பநிலை 28 டிகிரியை ஒட்டியே இருக்கும். காற்றின் ஈரப்பதமோ நாளிலேயே அந்த நேரத்தில்தான் உச்சத்தை எட்டுகிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் உடலிலிருந்து சுமார் 580 கிலோகலோரி வெப்பம் வெளியேறும். ஆனால் புழுக்கமான காற்றில் வியர்வை ஆவியாவதில்லை, சொட்டுகிறது. சொட்டும் வியர்வையால் உடல் நீரை இழக்கிறதே தவிர குளிர்வதில்லை. 2019ஆம் ஆண்டு தோஹாவில் நடந்த உலகத் தடகளப் போட்டியில் பெண்கள் மாரத்தானை வெயிலுக்கு அஞ்சி நள்ளிரவில்தான் தொடங்கினார்கள். அப்படியும் புறப்பட்ட 68 பேரில் 28 பேர் முடிக்க முடியாமல் விலகினார்கள். அவர்கள் எல்லாரும் தத்தம் நாட்டின் சார்பில் ஓட வந்தவர்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், புழுக்கத்தின் வலிமை புரியும்.

உடல் வெப்பத்துக்குப் பழகக்கூடியது என்பது நமக்குச் சாதகமான செய்தி. பத்து முதல் பதினான்கு நாட்கள் வெப்பத்தில் மிதமாக ஓடிவந்தால், இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, வியர்வை முன்னதாகவே சுரக்கத் தொடங்குகிறது, அதில் வெளியேறும் உப்பும் குறைகிறது. ஆகவே முதல் இரண்டு வாரங்களுக்கு அரை மணி, முக்கால் மணி நேர ஓட்டங்களே போதும். வெப்பத்தில் தோலைக் குளிர்விக்கவும் தசைகளுக்கு உயிர்வளி கொடுக்கவும் ஒரே இரத்தம்தான் பயன்பட வேண்டியிருப்பதால், அதே வேகத்தில் ஓடினாலும் நேரம் செல்லச் செல்ல இதயத்துடிப்பு ஏறிக்கொண்டே போகும். கைக்கடிகாரம் காட்டும் வேகத்தை அந்த மாதங்களில் அளவுகோலாகக் கொள்ளாமல், முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஓட முடிகிறதா என்பதை மட்டும் பாருங்கள். நண்பர்களோடு ஓடும்போது இந்தச் சோதனை தானாகவே நடந்துவிடுகிறது; பேச்சு நின்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

நால்வரின் வேகமும் ஒன்றாக இருக்க வாய்ப்பில்லை. வேகமானவருக்கு ஈடுகொடுக்க முயல்பவருக்குத்தான் வெயிலில் ஆபத்து அதிகம். எங்கள் குழுவில் தூரத்தைக் குறிக்காமல் நேரத்தைக் குறித்துக்கொண்டு ஓடுகிறோம். எல்லாரும் ஒரே இடத்திலிருந்து புறப்பட்டு, நாற்பது நிமிடம் அவரவர் வேகத்தில் ஓடி, அந்த நிமிடத்தில் எங்கே இருக்கிறோமோ அங்கேயே திரும்பிவிட வேண்டும். திரும்பும்போது மெதுவாக ஓடுபவர் முன்னாலும் வேகமானவர் பின்னாலும் இருப்பார்கள். களைப்பு கூடும் இரண்டாம் பாதியில் யாரும் கண்ணுக்குத் தெரியாமல் பின்தங்கிவிட மாட்டார்கள். எல்லாரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து சேர்வார்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேற்பட்ட ஓட்டங்களுக்கு இதைவிடச் சிறிய சுற்றுப்பாதையே நல்லது. ஒவ்வொரு சுற்றிலும் தண்ணீர் வைத்த இடத்தைக் கடந்தாக வேண்டும் என்பதால், ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்கும் வாய்ப்பும் தவறாமல் கிடைக்கும்.

தண்ணீர் விஷயத்தில் குறைவாகக் குடிப்பது எவ்வளவு தவறோ, மிகையாகக் குடிப்பதும் அவ்வளவு தவறு. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களில் இரத்த மாதிரி தந்த 488 பேரை ஆராய்ந்தபோது, 13 சதவீதத்தினருக்கு இரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடும் அளவுக்கு நீர் குடித்தவர்களிடம்தான் அது மிகுதியாகக் காணப்பட்டது. ஆகவே உங்கள் வியர்வையின் அளவை நீங்களே அறிந்துகொள்ளுங்கள். ஓடுவதற்கு முன்பும், ஓடி முடித்து உடலைத் துடைத்த பின்பும் எடை பாருங்கள். ஒரு மணி நேரத்தில் அரை லிட்டர் குடித்தும் 900 கிராம் குறைந்திருந்தால், வெளியேறிய வியர்வை சுமார் 1.4 லிட்டர். அத்தனையையும் ஓடும்போதே ஈடுகட்ட வயிறு இடங்கொடுக்காது. தாகத்துக்கேற்பச் சிறிது சிறிதாகக் குடித்து, மீதியை வீட்டுக்கு வந்து உணவோடு சேர்த்து ஈடுசெய்யலாம். நால்வரின் அளவும் நான்கு விதமாக இருக்கும் என்பதால், "நான் குடிக்கும்போது நீயும் குடி" என்று வற்புறுத்தக் கூடாது. இளநீரில் பொட்டாசியம் மிகுதி, வியர்வையில் நாம் பெரிதும் இழக்கும் சோடியமோ குறைவு. ஓடி முடித்தபின் உப்புப் போட்ட நீர்மோர் அதைவிட நன்றாக உதவுகிறது. நீண்ட ஓட்டங்களுக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் ஓஆர்எஸ் பொடியை வாங்கி, உறையில் குறித்த அளவு நீரில் கரைத்து எடுத்துச் செல்லுங்கள். வலி தெரியாமலிருக்க ஐபுப்ரோஃபென் போட்டுக்கொண்டு ஓடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. உடலில் நீர் வற்றிய நிலையில் அது சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால், அதை அறவே தவிர்க்க வேண்டும்.

இனி மிக முக்கியமானதைச் சொல்கிறேன். ஓடும்போது உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி மூளை தடுமாறுவதே வெப்ப வாதம். பாதிக்கப்பட்டவருக்குத் தான் தடுமாறுவதே தெரியாது. "நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று உறுதியாகச் சொல்வார், நிறுத்தச் சொன்னால் எரிந்து விழுவார். கூட வருபவர்தான் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். கேட்ட கேள்விக்குப் பொருந்தாத பதில், கால் பின்னுதல், காரணமில்லாத கோபம் ஆகிய எதைக் கண்டாலும் ஓட்டத்தை உடனே நிறுத்துங்கள். தோல் வறண்டால்தான் ஆபத்து என்று காத்திருக்காதீர்கள்; ஓட்டக்காரருக்கு இந்நிலையிலும் வியர்த்துக் கொட்டும். 108க்கு அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை நிழலில் கிடத்தி, கிடைக்கும் தண்ணீரையெல்லாம் உடலில் ஊற்றி விசிறுங்கள்; பனிக்கட்டி கிடைத்தால் கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் வையுங்கள். அரை மணி நேரத்துக்குள் உடலைக் குளிர்வித்துவிட்டால் பெரும்பாலும் உயிர் பிழைக்கலாம். அவர் சுயநினைவோடு இல்லாதபோது வாயில் எதையும் ஊற்றக் கூடாது. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை ஆகியவற்றுக்குப் பிறகு இந்த ஆபத்து கூடுகிறது, ஆகவே புறப்படும் முன் "நேற்று இரவு தூங்கினாயா, உடம்பு எப்படி இருக்கிறது?" என்று கேட்டுக்கொள்வது எங்கள் குழுவில் கட்டாயம். சரியில்லை என்று ஒருவர் சொன்னால் அவரை ஓட அழைக்க மாட்டோம், கேலியும் செய்ய மாட்டோம்.

மற்றவை எளியவை. வெளிர் நிற மெல்லிய உடை, உரசும் இடங்களில் வாசலின், இரண்டாவது ஜோடி காலுறை ஆகியவை போதும். கத்திரி வெயில் காலத்தில் வாரத்துக்கு நான்கு நாட்கள் ஓடினால் நிறைவு. அதிகபட்ச ஓட்டம் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். செப்டம்பரில் முறையான பதினாறு வாரப் பயிற்சியைத் தொடங்குங்கள். 30 கிலோமீட்டரைத் தொடும் ஓட்டங்கள் நவம்பர் கடைசியிலும் டிசம்பரிலும் வரும்படி அமையுங்கள். மழை பெய்யும் என்றாலும் அப்போது காற்று குளிர்ந்திருக்கும். மே மாத வேகத்தை வைத்துப் போட்டி நேரத்தைக் கணக்கிட்டு மனம் தளர வேண்டாம். டிசம்பரில் ஒரு குளிர்ந்த காலையில் நால்வரும் அரை மாரத்தான் தூரத்தை ஓடிப் பார்த்த பிறகு, அவரவர் இலக்கைத் தனித்தனியாக முடிவு செய்துகொள்ளுங்கள்.