காப்புரிமை கைக்கு வருமுன் விற்கலாமா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். களத்தில் காயும் நெல்லைக் கிளறிவிட ஒரு தள்ளுவண்டி செய்திருக்கிறேன். ஐந்து மாதம் முன்பு தற்காலிக விவரக்குறிப்போடு (முழு விவரம் தருமுன் கருவியைப் பற்றி எழுதிக் கொடுக்கும் முதல் குறிப்பு) காப்புரிமைக்கு விண்ணப்பித்தேன். குறுவை அறுப்பு நெருங்குவதால் ஊரில் ஏழெட்டுப் பேர் கேட்கிறார்கள். இப்போதே விற்றால் காப்புரிமை போய்விடுமா? பக்கத்து ஊர்ப் பட்டறைக்காரர் பார்த்துச் செய்துவிட்டால்?

பதில்: தாராளமாக விற்கலாம். விண்ணப்பத்துக்கு முன்பே விற்றிருந்தால்தான் வம்பு. யாராவது ஒரு பழைய பில்லைக் காட்டி, ‘இது புதுசே இல்லை’ என்று சாய்த்துவிடலாம். நீங்கள் விற்குமுன்பே விண்ணப்பித்துத் தேதியைப் பிடித்துவிட்டீர்கள். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டுகிறது என்று கொள்முதல் நிலையத்தில் நெல்லைத் திருப்பி அனுப்பும் நாளில் உங்கள் வண்டிக்கு உள்ள கிராக்கி சித்திரையில் இருக்காது.

ஒன்று கேட்கிறேன். இந்த ஐந்து மாதத்தில் வண்டியில் எதையாவது மாற்றினீர்களா? பட்டறைக்காரர் கை சும்மா இருக்காதே! அரிசி நொறுங்குகிறது என்று நெல்லைக் கிளறும் பல்லின் நுனியில் ரப்பர் மாட்டியிருப்பீர்கள். அந்த ரப்பர் தற்காலிக விவரக்குறிப்பில் இல்லையென்றால், பழைய தேதி அதற்குச் செல்லாது. ரப்பரோடு விற்றுவிட்டு அப்புறம் எழுதிக் கொடுத்தால், உங்கள் விற்பனையே உங்களுக்கு எதிர்சாட்சி. முதலில் அதையும் சேர்த்து முழு விவரக்குறிப்பைத் தாக்கல் செய்யுங்கள், பிறகு அந்த வண்டியை விற்கலாம். எப்படியும் முழு விவரக்குறிப்புக்கு முதலில் விண்ணப்பித்த நாளிலிருந்து 12 மாதம்தான் கெடு. தவறினால் விண்ணப்பம் கைவிட்டதாகிவிடும்.

பக்கத்து ஊர்க்காரரை இன்றைக்குச் சட்டத்தால் தடுக்க முடியாது. களத்தில் நிற்கிற வண்டியை அளக்க அவருக்கு டேப்பே வேண்டாம், கண் போதும். விண்ணப்பம் வழக்கமாக 18 மாதத்துக்குப் பிறகே வெளியிடப்படும். அந்த நாளிலிருந்து உரிமை உங்களுடையது என்றாலும், காப்புரிமை கிடைத்த பிறகே வழக்குப் போட முடியும். நஷ்டஈட்டை வெளியீட்டு நாள் முதல் கணக்கிட்டுக் கேட்கலாம். அதனால்தான், முழு விவரக்குறிப்பு கொடுத்ததும் படிவம் 9 மூலம் முன்கூட்டியே வெளியிடக் கேட்கச் சொல்வேன். தனிநபருக்கு 2,500 ரூபாய். இரண்டு வண்டி லாபத்தில் வந்துவிடும்.

வண்டியில் ‘காப்புரிமைக்கு விண்ணப்பித்துள்ளோம்’ என்று எழுதலாம். ‘காப்புரிமை பெற்றது’ என்று எழுதாதீர்கள். பொய்யாகச் சொன்னால் காப்புரிமைச் சட்டம் 120ஆம் பிரிவின்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். விண்ணப்பம் கைவிடப்பட்டால் முதல் வாசகத்தையும் அழித்துவிட வேண்டும்.

கேள்வி: கும்பகோணத்தில் ஒரு கடையில் களையெடுக்கும் கருவி பார்த்தேன். ‘பேட்டன்ட் அப்ளைடு’ ஸ்டிக்கரைக் காட்டி, கவர்ன்மென்ட்டே ஒப்புக்கொண்ட சரக்கு என்று கூடுதல் விலை சொல்கிறார்கள். நம்பலாமா?

பதில்: விண்ணப்பித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். காப்புரிமை அலுவலகம் கருவியைச் சேற்றில் இறக்கிப் பார்ப்பதில்லை. யோசனை புதியதா என்பது போன்றவற்றைத்தான் பார்க்கும். உழைக்குமா, உடையுமா என்பது அவர்கள் வேலையே இல்லை.

விண்ணப்ப எண்ணைக் கேளுங்கள். இப்போதைய எண்களில் 12 இலக்கம் இருக்கும். முதல் நான்கு ஆண்டு. ஐந்தாவது 4 என்றால் சென்னை அலுவலகம். தமிழ்நாட்டுக்காரர் விண்ணப்பம் அங்கேதான் போகும். எண் சொல்லத் தடுமாறினால் ஸ்டிக்கரை மறந்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

எண் சரியாக இருந்தாலும் உங்களைக் காப்பது பில்லும், எழுத்தில் தரும் வாரன்டியும்தான். சொந்த உழைப்பில் பிழைக்க வாங்கும் விவசாயியும் சட்டப்படி நுகர்வோரே. ஏமாற்றியது தெரிந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். பில்லைப் பத்திரமாக வையுங்கள், மையெல்லாம் மங்குமுன் ஒரு ஜெராக்ஸும் எடுத்துவிடுங்கள்.