போன் பதிவுகளை ஆராயும் போலீஸ் வேலை: நெட்வொர்க் ஆட்களுக்கு ஒத்துவருமா?

பிரிட்டனில் ஒரு மொபைல் நிறுவனத்தின் நெட்வொர்க் பிரிவில் இருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் பகுதி காவல்துறையில் கம்யூனிகேஷன்ஸ் டேட்டா இன்வெஸ்டிகேட்டர் பணிக்கு ஆள் எடுக்கிறார்களாம். போலீஸ் அதிகாரியாக இருந்தால்தான் சேர முடியுமா, பிறர் பேசுவதை ஒட்டுக்கேட்பதுதான் வேலையா, நேர்காணலுக்கு எதைப் படிப்பது என்று கேட்கிறார்.

முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: தேவையில்லை. இது பெரும்பாலும் போலீஸ் ஸ்டாஃப் பணி. சீருடை கிடையாது, கைது செய்யும் அதிகாரமும் கிடையாது.

ஒட்டுக்கேட்பு வேறு, இது வேறு. 2016-இல் வந்த இன்வெஸ்டிகேட்டரி பவர்ஸ் சட்டம் இரண்டையும் தனித்தனியாகவே வைத்திருக்கிறது. பேச்சையோ மெசேஜையோ இடைமறிக்க வேண்டுமென்றால் அமைச்சர் கையெழுத்திட வேண்டும், அதற்கு மேல் ஜுடிஷியல் கமிஷனர் என்ற நீதித்துறை ஆணையர் ஒருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். அப்படிக் கிடைத்ததைப் பொதுவாக நீதிமன்றத்தில் சாட்சியமாக வைக்கவும் முடியாது. நீங்கள் கையாளப்போவது பேச்சைச் சுற்றியுள்ள தகவல்களை: யார் யாரை அழைத்தார்கள், எப்போது, எவ்வளவு நேரம், எந்த டவர் வழியாக, அந்த எண் யார் பெயரில் இருக்கிறது என்பவை. நீதிமன்றத்தில் இவை சாட்சியமாக நிற்கும் என்பதால்தான் இந்தப் பதவிக்கே அவ்வளவு மதிப்பு.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். டேட்டாவை வாங்கிக் குவிப்பவர் நல்ல விசாரணையாளர் இல்லை. வழக்குக்குத் தேவையான மிகக் குறைந்த அளவை மட்டும் கேட்டு வாங்கி, அது எதைக் காட்டுகிறது, எதைக் காட்டவில்லை என்று அளந்து சொல்பவர்தான் நல்ல விசாரணையாளர். சட்டமும் அதைத்தான் எதிர்பார்க்கிறது. துப்பறிவாளர் ஒருவர் ஏதாவது பதிவு வேண்டுமென்றால் நேராக மொபைல் நிறுவனத்திடம் போக முடியாது. ஸ்பாக் (SPoC, அதாவது நிறுவனங்களோடு பேசுவதற்கான ஒற்றைத் தொடர்பு) என்று அழைக்கப்படும் பயிற்சி பெற்ற அலுவலர் வழியாகத்தான் போக வேண்டும், பல காவல்துறைகளில் நீங்கள் சேரப்போகும் குழுவே அதுவாகவோ அதன் பக்கத்திலோ இருக்கும். அனுமதி தருவதும் காவல்துறைக்கு வெளியே உள்ள அமைப்புதான்: 2019 முதல் ஓக்டா (OCDA) எனப்படும், கம்யூனிகேஷன்ஸ் டேட்டா அனுமதிக்கான தனி அலுவலகம் விண்ணப்பங்களைப் பார்த்து முடிவெடுக்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற அவசரத்தில் மட்டும் காவல்துறைக்குள்ளேயே உயரதிகாரி அனுமதிக்கலாம். அதிகாரம் இல்லாமல் தெரிந்தே ஒரு எண்ணைத் தேடி எடுத்தால் இரண்டு வருடம் வரை சிறைக்குப் போக வேண்டிவரும். நண்பருக்காக 'சும்மா பார்த்துச் சொல்லுங்களேன்' என்பதெல்லாம் இங்கே செல்லாது.

உங்கள் நெட்வொர்க் அனுபவம் எங்கே கைகொடுக்கும்? ஐபி முகவரியில்தான் முதலில். ஒரு இணையச் சேவை நிறுவனம் தன் பதிவில் ஒரு ஐபியும் நேரமும் தருகிறது என்று வையுங்கள். மொபைல் நெட்வொர்க்கில் ஒரே பொது ஐபியை ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கானோர் பகிர்ந்துகொள்கிறார்கள் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சோர்ஸ் போர்ட் எண்ணும் (ஒரே ஐபியைப் பகிர்பவர்களைப் பிரித்துக் காட்டும் எண்) விநாடி வரை துல்லியமான நேரமும் இல்லாமல் அந்த ஐபி யாரையும் காட்டாது. அந்த நேரம் யூடிசி எனும் உலகப் பொது நேரமா, பிரிட்டனின் கோடைகால நேரமா? மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை இரண்டுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம். 04/07 என்றிருந்தால் ஏப்ரல் 7-ஆ, ஜூலை 4-ஆ? கேட்க அற்பமாகத்தான் இருக்கும். ஆனால் இப்படி ஒரு எழுத்தோ எண்ணோ மாறியதால் போலீஸ் தவறான வீட்டுக்குப் போய்ச் சோதனை போட்டதும், சம்பந்தமே இல்லாதவர்கள் கைதானதும் கண்காணிப்பு ஆணையர்களின் ஆண்டறிக்கைகளிலேயே பதிவாகியிருக்கிறது. குழந்தைகள் மீதான பாலியல் குற்ற வழக்கில் ஒரு அப்பாவியின் கதவைத் தட்டினால் அந்தக் குடும்பத்தின் வாழ்க்கை என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால்தான் ஒவ்வொரு இலக்கத்தையும் மூலப் பதிவோடு மறுபடி ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் இந்த வேலையில் எல்லாவற்றுக்கும் முன்னால் வருகிறது.

அடுத்தது செல் டவர். போன் எப்போதும் அருகிலுள்ள டவரைத்தான் பிடிக்கும் என்று துப்பறிவாளர்களில்கூடப் பலர் நினைக்கிறார்கள். நிலத்தின் மேடு பள்ளம், கட்டடம், ஆன்டெனா நோக்கும் திசை, நெரிசல் எல்லாம் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன. அதனால் டவர் பதிவை வைத்து 'இந்தப் பகுதியில் இருந்ததோடு பொருந்துகிறது' என்று சொல்லலாமே தவிர, 'இந்த வீட்டில் இருந்தார்' என்று சொல்லிவிட முடியாது. வழித்தடத்தில் கருவியோடு நடந்து சிக்னலை அளந்தால் சில நேரம் அதற்கும் மேலே போகலாம். 2002-இல் இங்கிலாந்தின் சோஹாம் ஊரில் நடந்த கொலை வழக்கில், காணாமல் போன இரு சிறுமிகளில் ஒருத்தியின் போன் அணையும்போது பர்வெல் (Burwell) டவரைத் தொட்டிருந்தது. சிறுமிகள் நடந்திருக்கக்கூடிய வழியில் நிபுணர் அளந்தபோது அந்த டவர் கிடைத்த இடம் குற்றவாளியின் வீட்டையொட்டித்தான் என்று தெரிந்தது. அவ்வளவு தெளிவு எல்லா வழக்கிலும் கிடைக்காது.

அப்புறம், எண் என்பது ஆள் அல்ல. ப்ரீபெய்ட் சிம் யார் பெயரிலும் இல்லாமல் இருக்கலாம். அன்று அந்த போன் யார் கையில் இருந்தது என்று காட்ட ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு கைபேசிக் கருவிக்குமான அடையாள எண்), ரீசார்ஜ் செய்த விதம், இரவில் தங்கும் டவர், ஒருவரின் இன்னொரு போனோடு சேர்ந்தே நகர்வது என்று பல நூல்களைக் கோக்க வேண்டும். எக்செல்லில் பல்லாயிரம் வரிகளோடு மணிக்கணக்காக உட்காரும் பொறுமை இல்லையென்றால் இந்த வேலை கசந்துவிடும். ஷிஃப்டும், ஆன்-கால் முறையும் பல இடங்களில் உண்டு. தற்கொலை எண்ணத்தோடு வீட்டைவிட்டுப் போனவரை நள்ளிரவில் தேடும்போது நிமிடங்கள்தான் கணக்கு. வழக்கு விவரங்களும் மனதை அழுத்தும், அதற்கான உதவி என்ன இருக்கிறது என்று நேர்காணலிலேயே கேளுங்கள், தயங்கவே வேண்டாம்.

நேர்காணலுக்கு, அரசு வெளியிட்டிருக்கும் கம்யூனிகேஷன்ஸ் டேட்டா நடைமுறைக் கோவையைப் படியுங்கள், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் மூன்று விஷயம் உங்கள் நாவில் இருக்க வேண்டும்: இது தேவையா, குற்றத்தின் கனத்துக்கு ஏற்ற அளவா, சம்பந்தமில்லாத மற்றவர்களின் அந்தரங்கத்துக்குள் எவ்வளவு நுழைகிறோம். 'ஒரு வழிப்பறி வழக்குக்கு ஆறு மாத அழைப்புப் பதிவு வேண்டும்' என்று துப்பறிவாளர் கேட்டால் என்ன செய்வீர்கள் என்பது போன்ற கேள்வி வரலாம். சம்பவத்துக்கு முன்னும் பின்னும் சில மணி நேரம் போதாதா, மீதி ஏன் என்று அவரிடமே கேட்டு, காரணத்தை எழுத்தில் வாங்குவேன் என்று சொல்லுங்கள். அதே சமயம் தாமதத்தின் ஆபத்தையும் சொல்லுங்கள்: நிறுவனங்களை அதிகபட்சம் 12 மாதம்தான் பதிவுகளை வைத்திருக்கச் சொல்ல முடியும், அதற்குப் பிறகு கேட்டால் கிடைக்காமலே போகலாம். காவல்துறைகள், போலீஸ் பணிக்கான தரங்களை வகுக்கும் காலேஜ் ஆஃப் போலீசிங்கின் திறன்–மதிப்புச் சட்டகத்தை வைத்து மதிப்பெண் போடுவதால், உங்கள் இப்போதைய வேலையிலிருந்தே அதற்கேற்ற உதாரணங்களைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக வெட்டிங் (vetting), அதாவது பின்னணிச் சோதனை. கடன், குடும்பத்தார், நெருங்கிய பழக்கம் எல்லாவற்றையும் பார்ப்பார்கள், பிரிட்டனில் பொதுவாகக் குறைந்தது 3 வருடம் வசித்திருக்க வேண்டும், உயர்நிலைச் சோதனை என்றால் அது 5 வருடம். ஊரில் உறவினர் இருப்பது தடையாகாது, மறைப்பதுதான் தடையாகும். இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம், எனவே வெட்டிங் முடிந்து இறுதி நியமனக் கடிதம் கைக்கு வரும்வரை இப்போதைய வேலையை விட்டுவிடாதீர்கள்.