58-வது அழைப்பில் வந்தவர்கள்

ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து, அதாவது ‘ஃபுட்டி’ பற்றியும் அதன் உயர்மட்டப் போட்டியான ஏ.எஃப்.எல். பற்றியும் வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கே: என் மகனுக்கு 16 வயது. உள்ளூர் கிளப்பில் ஃபுட்டி ஆடுகிறான். ஏ.எஃப்.எல். வரை போக வழி என்ன?
– வாசகி, தான்டினாங், மெல்பன்

ப: பிடித்த கிளப்பின் கதவைத் தட்டிச் சேர முடியாது. ஆண்டுதோறும் நவம்பரில் ‘டிராஃப்ட்’ நடக்கும். கிளப்புகள் முறைவைத்து ஆட்டக்காரர்களைப் பெயர் சொல்லி அழைக்கும்; கடைசி இடத்தில் முடித்த அணிக்கே முதல் அழைப்பு. அந்த ஆண்டு டிசம்பர் 31-க்குள் பையனுக்கு 18 வயது நிறைய வேண்டும்.

விக்டோரியாவில் அதற்கான படி, 18 வயதுக்குட்பட்டோருக்கான டேலன்ட் லீக். அங்கே நன்றாக ஆடினால் மாநில அணி, பிறகு தேசியப் போட்டி. டிராஃப்ட்டுக்கு முன்பு உடல்திறன் சோதனை உண்டு: 20 மீட்டர் விரைவோட்டம், ஓடிவந்து எம்பிக் குதித்தல், வளைந்து ஓடுதல், 2 கி.மீ. ஓட்டம். 20 மீட்டரை 3 விநாடிக்குள் கடப்பதும், 2 கி.மீ.-ஐ 6 நிமிடத்தை ஒட்டி முடிப்பதும் நல்ல நேரங்கள். ஆனால் அதற்காக மட்டும் ஓடிப் பழகுவதில் பயனில்லை. ஆளெடுப்பவர்கள் பார்ப்பது ஆட்டத்தைத்தான்: நெருக்கடியில் பந்தை யாருக்குக் கொடுக்கிறான், தவறவிட்ட பிறகு திரும்ப ஓடுகிறானா என்று.

இன்னொரு வழியும் இருக்கிறது. பூர்வகுடிப் பிள்ளைகளுக்கும் புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் கிளப்புகள் ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன் அகாடமி’ நடத்துகின்றன. 2020-இல் முதல் ஆளாக அழைக்கப்பட்ட ஜமாரா யூகிள்-ஹேகன், வெஸ்டர்ன் புல்டாக்ஸ் கிளப்புக்கு அப்படி வந்தவர்தான். உங்கள் பகுதி எந்தக் கிளப்பின் வட்டாரத்தில் வருகிறது என்று விசாரியுங்கள். யாரைச் சேர்ப்பது என்ற விதி அடிக்கடி மாறும். கிளப்பிடமே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

கே: நான் உதைக்கும் பந்து காற்றில் தள்ளாடிப் போகிறது. எங்கே தவறு?

ப: பெரும்பாலும் காலில் இல்லை, கையில்தான் தவறு. ‘டிராப் பண்ட்’ என்னும் வழக்கமான உதையில் முட்டை வடிவப் பந்து தலைகீழாகப் பின்புறம் சுழன்றபடியே போக வேண்டும். தையல் உங்களுக்கு எதிர்ப்பக்கம் பார்த்திருக்க, பந்தைச் செங்குத்தாகப் பிடியுங்கள். இரு கை விரல்களும் பக்கவாட்டில் விரிந்திருக்கட்டும். வலக்காலால் உதைப்பவர் இடக்கையை முதலில் எடுத்துவிட்டு, வலக்கையாலேயே பந்தைக் காலுக்கு நேராக இறக்கிவிட வேண்டும். மேலே தூக்கிப் போட்டால் அது சாய்ந்துவிடும். சாய்ந்த பந்தை எவ்வளவு பலமாக உதைத்தாலும் நேராகப் போகாது. கால்விரல்களைக் கீழ்நோக்கி நீட்டி, பூட்ஸின் நாடா இருக்கும் மேட்டில் பந்தின் கீழ்முனையைச் சந்தியுங்கள். இலக்கை 15 மீட்டரில் வைத்துத் தொடங்குங்கள். தூரம் தானாக வரும்.

கே: டிராஃப்ட்டில் தேர்வான பையன்கள் பலரை அடுத்த ஆண்டு மைதானத்தில் காணோமே, ஏன்?

ப: ஒரு கிளப்பின் பட்டியலில் 40-க்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள், ஆட்டநாளில் இடம் 23 பேருக்குத்தான். அதைவிடப் பெரிய காரணம் உடம்பு. நவம்பரில் பெயர் அறிவித்த சில நாட்களிலேயே பயிற்சி தொடங்கிவிடும். பள்ளியை இப்போதுதான் முடித்த பையன், பெர்த்திலிருந்து மெல்பன் வந்து, கிளப் பார்த்துவைத்த குடும்பத்தோடு தங்கி, 28 வயது ஆட்களோடு மோத வேண்டும்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஓட்டத்தின் அளவு திடீரென்று கூடுகிறது. மூச்சும் தசையும் சில வாரங்களில் பழகிக்கொள்ளும், எலும்புக்கு மாதக்கணக்காகும். அந்த இடைவெளியில்தான் கீழ்முதுகிலும் பாதத்திலும் நுண்முறிவு வருகிறது. ஒரே இடத்தில் விரல் வைத்துக் காட்டக்கூடிய வலி, ஓட ஓடக் கூடும் வலி என்றால் அன்றே சொல்லிவிட வேண்டும். இடம் போய்விடுமே என்று மறைப்பவர்களுக்கு சில வார ஓய்வில் தீரவேண்டியது பல மாதமாக நீள்கிறது. தோள்பட்டைகளுக்கு நடுவே சட்டைப் பையில் ஜி.பி.எஸ். கருவி வைத்து ஓடிய தூரத்தையும் வேகத்தையும் கிளப்புகள் குறிப்பது இதற்காகவும்தான். ஆனால் வலி எங்கே என்று அந்தக் கருவி சொல்லாது.

ஆகவே முதல் ஆண்டின் பெரும்பகுதி வி.எஃப்.எல். (விக்டோரியா மாநில லீக்) போன்ற இரண்டாம்நிலைப் போட்டியில் கழிவது இயல்பு. நடுவில் பந்துக்காக எம்பும் உயரமான ‘ரக்’ ஆட்டக்காரர்களுக்கு இன்னும் நாளாகும். மெல்பன் அணியின் ரக் மேக்ஸ் கான் 2009-இல் 34-வதாக அழைக்கப்பட்டார், 2011-இல் முதல் ஆட்டம், 2012-இல் முழங்கால் தசைநார் அறுந்தது. ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர்களைக் கொண்டு அறிவிக்கும் ‘ஆல்-ஆஸ்திரேலியன்’ அணியில் முதன்முறை இடம்பிடித்தது 2016-இல். 2021-இல் மெல்பன் அணி கோப்பை வென்றபோது அவர்தான் தலைவர். முதல் ஒப்பந்தம் பலருக்கு 2 ஆண்டுதான் என்பதால் எல்லோருக்கும் இவ்வளவு அவகாசம் கிடைப்பதில்லை. உயரமான பையனைச் சீக்கிரம் கைவிடும் கிளப் தப்புச் செய்கிறது என்பதே எங்கள் கருத்து.

கே: முதலில் அழைக்கப்படுபவர்தான் சிறந்தவராக வருவாரா?

ப: இல்லை. டேன் ஸ்வான் 2001-இல் 58-வது. லாக்கி நீல் 2011-இல் அதே 58-வது. நீலின் உயரம் 177 செ.மீ.தான். ஸ்வான் 2011-இலும், நீல் 2020, 2023 ஆண்டுகளிலும் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ பதக்கம் பெற்றார்கள். 2013-இன் முதல் அழைப்பு டாம் பாய்டுக்கு. வெஸ்டர்ன் புல்டாக்ஸின் 2016 இறுதிப் போட்டி வெற்றியில் அவர் பங்கு பெரிது; ஆனால் 2019-இல், 23 வயதிலேயே ஓய்வு பெற்றார். மனநலச் சிரமங்களைப் பற்றி அவர் வெளிப்படையாகப் பேசியது இளம் ஆட்டக்காரர்கள் பலருக்குப் பெரிய உதவி.

கே: 22 வயதாகிவிட்டது. இனி வாய்ப்பே இல்லையா?

ப: இருக்கிறது, ஆனால் குறுகலான வழி. மாநில லீக்கில் தொடர்ந்து ஆடுங்கள். 2019 முதல் பருவத்தின் நடுவிலும் ஒரு டிராஃப்ட் நடக்கிறது. அந்த ஆண்டே அதில் ரிச்மண்ட் கிளப்புக்கு வந்த மார்லியன் பிக்கெட், 27 வயதில் தன் முதல் ஏ.எஃப்.எல். ஆட்டத்தை இறுதிப் போட்டியில் ஆடிக் கோப்பை வென்றார்.

கே: தலையில் அடிபட்டால் எத்தனை நாள் ஓய்வு?

ப: மூளை அதிர்ச்சி என்று தெரிந்தால் ஏ.எஃப்.எல்.-இல் குறைந்தது 12 நாள் கழித்தே ஆட்டம். உள்ளூர் கிளப்புகளில் குறைந்தது 21 நாள், அதோடு மருத்துவர் அனுமதியும் வேண்டும். தலை சுற்றுகிறது, வெளிச்சம் கூசுகிறது என்று பையன் சொன்னால், இறுதிப் போட்டியே ஆனாலும் அன்று திரும்ப இறக்காதீர்கள்.